மறு: ‘ஆடைக்குறியீடு’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

களியக்காவிளையை ஒட்டிய எங்கள் கல்லூரியின் புனைகதைத் திறனாய்வுக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கதைமாந்தரின் அகப்போராட்டத்தை அவர் உடுத்தும் உடையின் வழியே காட்டும் உத்திக்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். மடல் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பாலக்காட்டு ஐயா முன்மொழிந்த ‘ஆடைப்போராட்டம்’ எங்கள் வகுப்பில் செல்லாது. தென் திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு நடந்து, 1859இல் அரச அறிவிப்பைப் பெற்ற தோள்சீலைப் போராட்டமே இங்குள்ள பிள்ளைகளின் நினைவுக்கு முதலில் வரும். வீட்டில் கேட்டு வளர்ந்த அந்த வரலாற்றை ஓர் இலக்கிய உத்தியின் பெயரோடு குழப்புவது முறையன்று. ஆடையைப் போர்த்தலும் ‘போராட்டம்’ என்பதிலுள்ள போரும் ஒரே வேரின என்று ஐயா மூன்று மடல்களில் வாதிட்டதையும் என்னால் ஏற்க இயலவில்லை. போர் என்பது ‘பொரு’ என்னும் வினையின் முதனிலை திரிந்த தொழிற்பெயர். போர்த்தலோ மூடுதல் என்னும் பொருளில் தனித்து நிற்கும் வினை. ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது.

பெரும்பான்மையோர் ‘ஆடைக்குறியீடு’ என்கிறீர்கள். விழாவுக்கு இன்ன நிறத்தில் உடுத்தி வர வேண்டும் என்னும் கட்டுப்பாட்டையே மாணவர்கள் அச்சொல்லில் கேட்கிறார்கள். அதைவிடப் பெரிய குறை, அது பொருளைச் சுட்டுவதோடு நின்றுவிடுகிறது என்பதாகும். சென்ற மாதம் ஒரு மாணவி எழுதிய கதையில், பாதிரியாராவதற்குக் குருமடத்தில் பயின்று விடுமுறைக்கு வீடு வந்த இளைஞன், ஒரு நாளும் அணியாத தன் வெள்ளை அங்கியைத் தினமும் துவைத்துக் கொடியில் காயப் போடுகிறான்; தாய் கேட்டால் இன்னும் ஈரம் காயவில்லை என்கிறான். அங்கி துறவின் குறியீடு என்று எவரும் சொல்லிவிடலாம். அவனுடைய தத்தளிப்போ அங்கியில் இல்லை, அதைத் துவைக்கும் கையில் இருக்கிறது.

இதற்கான சொல் நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், தலைவனைக் கண்ட தலைவியின் உள்ளம் தடுமாறுவதைக் கூழை விரித்தல் (கூந்தலை விரித்தல்), காதொன்று களைதல் (ஒரு காதணியைக் கழற்றுதல்), ஊழணி தைவரல் (அணிந்த அணிகளைத் தடவுதல்), ‘உடைபெயர்த்து உடுத்தல்’ என்னும் நான்கு செயல்களால் காட்டுகிறது. உடுத்ததையே மீண்டும் நெகிழ்த்தி உடுத்துகிறாள். அவள் சொல்லாததை அச்செயல் சொல்லிவிடுகிறது. ஆகவே ‘உடைபெயர்ப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

‘பெயர்ப்பு’ என்றாலே மொழிபெயர்ப்புதான் நினைவுக்கு வரும் என்று திருத்தணி அம்மா எழுதியது நியாயமான தடை. பெயர்த்தல் இடம் மாற்றுதலே என்பதை ஒரு முறை விளக்கினால் அது நீங்கும் என நம்புகிறேன். ‘ஆடை உள்ளுறை’ என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உள்ளுறை என்னும் மறைபொருள் உவமை, தெய்வம் ஒழிந்த கருப்பொருளை (ஒரு நிலத்துக்குரிய உணவு, விலங்கு, மரம் முதலியவற்றை) அடிப்படையாகக் கொண்டு வருவது; கருப்பொருள் வரிசையில் ஆடைக்கு இடமில்லை.

வியாழன் இரவுக்குள் வேறு முடிவு வராவிட்டால், பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டுப் பாடத் தலைப்பில் ‘ஆடைக்குறியீடு’ என்றே இடுவேன். அங்கிக் கதையை விளக்கும் பத்தியில் மட்டும் ‘உடைபெயர்ப்பு’ என்று எழுத இசைவு தாருங்கள். அவ்விடத்தில் மற்றச் சொல்லை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.