புதுப்பிப்பு: தம்பியை மையத்தில் சேர்த்துவிட்டோம்

குடியை விட முடியாத என் தம்பியை மாதக்கணக்கில் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையத்தில் சேர்க்கலாமா என்று குறுவை நடவு சமயத்தில் மன்னார்குடியிலிருந்து கேட்டிருந்தேன். சேர்த்தாச்சு. சம்பா கதிர் வந்துவிட்டது, அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், தெளிவாக இருக்கிறான்.

'வீட்டிலேயே பூட்டி வையுங்கள்' என்று சிலர் சொன்னீர்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளிலேயே வலிப்பு வரலாம், அப்புறம் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் வரலாம், உயிரே போகலாம். தம்பிக்கு முதலில் மருத்துவமனையில் தையமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு, நடுக்கம் அடங்க மாத்திரை கொடுத்து, அதற்குப் பிறகுதான் மையத்துக்கு அனுப்பினார்கள்.

மையம் தேடுபவர்கள் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படியான பதிவுச் சான்றிதழைக் கட்டாயம் கேளுங்கள். நாங்கள் முதலில் போன இடத்தில் அதைக் காட்டவும் இல்லை, டாக்டர் யார் என்று சொல்லவும் இல்லை. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், அதுதான் சரி.

போன ஞாயிறு பார்க்கப் போனபோது தம்பியே டம்ளரில் டீ ஊற்றி, ஒரு சொட்டு சிந்தாமல் அம்மாவிடம் நீட்டினான். அம்மா டீயைக் குடிக்காமல் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுவடைக்கு அவனைக் கூப்பிடப் போவதில்லை. களத்தில் வேலை முடிந்ததும் கூலிக்காசோடு எல்லாரும் எங்கே போவார்கள் என்று தெரியும். வீடு திரும்பிய பிறகுதான் பெரிய சோதனை. குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் திருவாரூர், கும்பகோணம் பக்கம் எங்கே நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவசரமாக ஆலோசனை தேவைப்படுபவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம்.