புதுப்பிப்பு: மக்காச்சோளம் தின்று படுத்த கிடாய்

பக்ரீத் விற்பனைக்காக வாங்கிய 6 கிடாய்களில் ஒன்று வயிறு உப்பிப் படுத்துவிட்டது என்று போன மாதம் எழுதியிருந்தேன். சிலர் குடற்புழு என்றீர்கள். இல்லை, தப்பு என்னுடையதுதான். சீக்கிரம் சதை போடட்டும் என்று மக்காச்சோளக் குருணையை ஒரே நாளில் அரைக் கிலோவாக ஏற்றிவிட்டேன். வயிற்றில் அமிலம் கூடிவிட்டது என்றார் கால்நடை மருத்துவர். புழுக்கையே இல்லை, கூழ் மாதிரி, புளித்த வாடையோடு போனது.

இப்போது காலையில் முதலில் கடலைக்கொடி, அப்புறம்தான் குருணை. 100 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் மெதுவாக ஏற்றினேன். வயிற்று அமிலத்துக்குச் சமையல் சோடா எவ்வளவு கொடுத்தேன் என்று கேட்டவருக்கு: மருத்துவர் சொன்ன அளவுதான் கரைத்து ஊற்றினேன், கைக்கு வந்தபடி அல்ல.

கிடாய் பிழைத்துவிட்டது. மற்றவற்றைவிட 3 கிலோ குறைவு. இந்த பக்ரீத்துக்கு அதை விற்கவில்லை.