வேற்றிருசு: பழைய வண்டிக்குப் புதிய பின் ஆக்சில் பொருத்துவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பழைய வண்டியின் பின் ஆக்சிலைக் கழற்றி வேறொரு வண்டியின் ஆக்சிலைப் போடும் 'ஆக்சில் ஸ்வாப்' என்பதற்கு 'அச்சு மாற்றம்' போதும் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. சின்னதாக இருக்கிறது, வாயில் எளிதாக வருகிறது, சரி. ஆனால் அந்த இரண்டு சொல்லிலுமே சிக்கல் இருக்கிறது.

முதலில் அச்சு. பழமையில் குறையே இல்லை. உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டியின் கீழ்மரத்தில் கட்டி எடுத்துப் போன உபரி அச்சைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டு 'சேம அச்சு' என்கிறது. எவ்வளவு கச்சிதமான கலைச்சொல்! ஆனால் இன்று வரைபடத்திலும் அச்சு, பூமி சுழல்வதும் அச்சு. நம் வேலையிலோ, சுழற்சியின் நடுவே ஓடும் அந்தக் கற்பனைக் கோட்டைப் பற்றி ஓயாமல் பேச வேண்டியிருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டின் அச்சும் பின் ஆக்சிலில் விசையை வாங்கும் சிறு பல்சக்கரமான பினியனின் அச்சும் இணையாக இருந்தால்தான், இடையில் ஓடும் தண்டின் இரு முனையிலும் உள்ள மடங்கும் இணைப்புகளில், அதாவது யுனிவர்சல் ஜாயின்ட்டுகளில், ஒன்று உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டும். இல்லையென்றால் வண்டி அதிரும். இதை விளக்கும்போது ஆக்சிலும் அச்சு, கோடும் அச்சு என்றால் படிப்பவர் திணறிப்போவார்.

இருசு என்ற சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறது. மாட்டுவண்டியின் இருசு சுழலாது. சக்கரம்தான் அதன்மேல் சுழலும். இருசின் வேலை பாரம் தாங்குவது. பின் ஆக்சிலின் ஹவுசிங்கும், அதாவது வெளிக்கூடும், அப்படித்தானே? பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் அதன்மேல் யூ போல்ட் போட்டு உட்காருகிறது, வண்டியின் எடை அதன் வழியாகச் சக்கரத்துக்கு இறங்குகிறது, அது மட்டும் சுழல்வதே இல்லை. சுழல்பவை உள்ளே இருக்கும் இரண்டு தண்டுகள். ஆகவே மொத்தத் தொகுதிக்கு இருசு, ஹவுசிங்குக்கு இருசுக்கூடு, உள்ளே சுழல்வதற்கு அரைத்தண்டு, கற்பனைக் கோட்டுக்கு மட்டும் அச்சு என்று பிரித்துக்கொள்ளலாம். பினியன், அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம். பட்டறையில் அவை எப்போதோ தமிழாகிவிட்டன.

அடுத்து மாற்றம். உடைந்ததைக் கழற்றி அதே வகையைப் போடுவதும் மாற்றம்தான். நாம் பெயர் தேடுவது வேறொரு வேலைக்கு. 1948 வரை வந்த ஃபோர்டு கார்களில் பின்பக்கம் குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் ஓடும். சக்கரம் வண்டியை முன்னே தள்ளும் விசையும் அந்தக் குழாய் வழியாகத்தான் போகும். அதில் 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் டிஸ்க் பிரேக் வைத்த இருசை ஏற்றப் போனால், அந்தக் குழாய் ஏற்பாடே போய்விடும். தள்ளுவிசையைத் தாங்க நெடுக்குவாட்டில் இரண்டு ஸ்பிரிங்குகளோ வேறு தாங்கு கம்பிகளோ வேண்டும். பழைய சக்கரத்தின் ஐந்து போல்ட்டும் பல மாடல்களில் 5.5 அங்குல வட்டத்தில், புதியதில் 4.5 அங்குலத்தில். புதிய இருசில் பினியன் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பதால், நீளமான பக்கக் குழாயை வெட்டிச் சுருக்கி, அங்கேயும் குட்டை அரைத்தண்டையே போடுபவர்கள் பலர். இதையெல்லாம் வெறும் 'மாற்றம்' என்றால், செய்பவரின் உழைப்பு பாதி மறைந்துபோகும்.

எனவே வேறொரு வண்டியிலிருந்து வந்த இருசு 'வேற்றிருசு'. 'ஒட்டிருசு' என்று ஒருவர் சொன்னதும் எனக்குப் பிடித்தது. ஒட்டுமாங்கன்று மாதிரி வேரும் கிளையும் வேறு வேறு. ஆனால் அந்தப் பெயர், வெட்டி ஒட்டிய இருசு என்ற பொருளையும் தந்துவிடும்.

செயலுக்கு 'பூட்டுதல்' வேண்டாம். வண்டி பூட்டுவது நல்ல வழக்குதான், ஆனால் இரு பின்சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி பிணைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கைத் தமிழில் எழுதும்போது பூட்டு என்ற சொல் அங்கே தேவைப்படும். 'வேற்றிருசுப் பொருத்தல்' என்பதே என் பரிந்துரை. பொருத்துவதில் மாட்டுவதும் இருக்கிறது, பொருத்தம் பார்ப்பதும் இருக்கிறது. வேலையும் அப்படித்தான் நடக்கிறது. ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளை இருசுக்கூட்டில் முதலில் சின்னப் பொட்டு வெல்டிங்காக மட்டும் வைத்து, வண்டியின் முழு எடையையும் சக்கரத்தில் இறக்கி, பினியனின் சாய்வை அளந்து பார்த்து, சரியாக இருந்தால்தான் முழு வெல்டிங். அதையும் ஒரே மூச்சில் போட்டால் சூட்டில் குழாய் வளைந்துவிடும் என்று இடம் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார்கள்.

அந்தச் சாய்வுக்கு 'பினியன் கோணம்' என்று வந்த பரிந்துரையைவிட 'பினியன் சாய்வு' நல்லது என்பேன். அளப்பது கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைத்தானே. லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பினியனின் மூக்கு, அதாவது முன்முனை, மேலே எழும்பும். அதனால் முன்கூட்டியே ஓரிரு டிகிரி கீழ்நோக்கி வைப்பார்கள். 'கீழ்ச்சாய்வு', 'மேற்சாய்வு' என்று இயல்பாகப் பிரித்துச் சொல்லவும் வசதி.

ஸ்பிரிங் உட்காரும் அந்தத் தட்டுக்கு மட்டும் எனக்கு நிறைவான சொல் அகப்படவில்லை. 'வில்மேடை' என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். பட்டறையில் இதற்கு வழக்குச் சொல் கேட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.