பி450 போர்டில் 2200ஜி-யை எடுத்துவிட்டு 5600 போடலாமா?

கோவைத்தம்பி:
வீட்டில் இருப்பது 2018-ல் வாங்கிய கம்ப்யூட்டர். ரைசன் 3 2200ஜி, பி450 போர்டு, 16 ஜிபி ராம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, சரி 11 போடலாம் என்று பார்த்தால் மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலிலேயே இந்த ப்ராசசர் இல்லை. போர்டை மாற்றாமல் ரைசன் 5 5600 மட்டும் வாங்கிப் போட நினைக்கிறேன். கிராபிக்ஸ் கார்டு கிடையாது, மானிட்டர் வயர் நேரே போர்டில்தான் சொருகியிருக்கிறது. ராம், எஸ்எஸ்டி எல்லாம் நானே மாட்டியிருக்கிறேன், ப்ராசசரைத் தொட்டதில்லை. எங்கே கோட்டைவிடுவேன்?

பழையபோர்டு:
கேள்வியிலேயே விட்டுவிட்டீர்களே தம்பி! 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. மாட்டி ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரை இருட்டாகவே இருக்கும், போர்டு போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். உங்களுக்கு வேண்டியது கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் 5600ஜி. அதிலும் 6 கோர், 12 திரெட்தான், எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) மட்டும் 32-க்குப் பதில் 16 எம்பி. கார்டு இல்லாதவருக்கு அதைப் பற்றி என்ன கவலை.

இரவுப்பறவை:
பயாஸை மறக்காதீர்கள், ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற போர்டின் சொந்த மென்பொருள் அது. 2018 பயாஸுக்கு 5000 வரிசை என்றால் என்னவென்றே தெரியாது. 2200ஜி உள்ளே இருக்கும்போதே அப்டேட் செய்துவிட வேண்டும், அதுவும் யூபிஎஸ் இருந்தால்தான், பாதியில் கரண்ட் போனால் போர்டே பிணமாகிவிடும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயை முதலில் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

திருகாணி:
நான் கோட்டைவிட்ட கதையைக் கேளுங்கள். கூலரின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு நேராக மேலே இழுத்தேன். நடுவில் சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்க, நெம்புகோல் பூட்டியபடியே ப்ராசசரும் கூலரோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. இந்த போர்டுகளில் இருக்கும் ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் ப்ராசசர் பக்கம்தான், மொத்தம் 1331. ஓரத்தில் மூன்று வளைந்துவிட்டன, 0.5 மைக்ரோ டிப் பென்சிலின் முனையை ஒவ்வொன்றிலும் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தி முடிக்க ராத்திரி ஒரு மணி. அதனால் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கனமாக ஓடவிட்டுச் சூடாக்குங்கள், அணைத்து வயரைப் பிடுங்கியதும், ஸ்க்ரூக்களைக் கழற்றி, கூலரை இப்படியும் அப்படியும் லேசாகத் திருகிவிட்டு அப்புறம் தூக்குங்கள். ஸ்க்ரூ எடுத்ததும் போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகடு கழன்று விழும், முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள். புது ப்ராசசரை வைக்கும்போது மூலையில் உள்ள முக்கோணத்தை சாக்கெட்டில் இருக்கும் முக்கோணத்தோடு பொருத்துங்கள், தானாக உட்காரும், அழுத்தவே கூடாது. பெட்டியில் வரும் கூலரில் பேஸ்ட் தடவியே இருக்கும், மேலே இன்னொரு தடவை பூசாதீர்கள்.

கோவைத்தம்பி:
ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிட்டேன், 5600ஜி-தான். டேப் ஒட்டியும் தகடு விழுந்தது, அது வேறு கதை. இப்போது கறுப்புத் திரையில் புது சிபியு, எஃப்டிபிஎம் (ப்ராசசருக்குள் பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் பகுதி) மாறிவிட்டது, ஒய்யா (Y) என்னா (N) என்று கேட்டு நிற்கிறது. எதை அழுத்த? பிட்லாக்கர் இல்லை.

இரவுப்பறவை:
இல்லை என்றால் ஒய்.

கோவைத்தம்பி:
வந்துவிட்டது!