அருளானந்தர் திருவிழாவில் மகன் பேச வேண்டும், கதையை எப்படிச் சொல்வது?

காரைக்குடி அம்மா:
என் மகன் ஐந்தாம் வகுப்பு. ஃபாதர்மார் நடத்தும் பள்ளிக்கூடம். பிப்ரவரி 4, கத்தோலிக்கப் புனிதர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) திருவிழாவுக்கு மூன்று நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் கொப்புடையம்மனைக் கும்பிடுகிற குடும்பம், அவன் பேசுவதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கதையோ இராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டளையால் அவர் தலையை வெட்டினார்கள் என்று முடிகிறது. வகுப்பில் பல பிள்ளைகளின் வீட்டில் சேதுபதி என்றால் அவ்வளவு மரியாதை. யார் மனமும் நோகாமல் எப்படிச் சொல்வது? எங்களைப் போன்றவர்களுக்கு இந்தத் திருநாளில் என்ன இருக்கிறது?

தேவகோட்டைக்காரி:
அக்கா, நாங்கள் கத்தோலிக்கர். அவரை வெட்டிய ஊரான ஓரியூருக்கு வருஷம் தவறாமல் போவோம். அங்கே வந்து பாருங்கள், மொட்டை போடுகிறவர்கள், தென்னங்கன்று நேர்ந்துகொண்டு வந்தவர்கள், கிடா வெட்டிச் சமைத்து வந்தவருக்கெல்லாம் சோறு போடுகிறவர்கள் என்று கூட்டம் நிறையும், அதில் நிறையப் பேர் இந்துக்கள்தான். அவர் ரத்தம் சிந்தி மண் சிவந்தது என்று நம்பி, அந்தச் செம்மண்ணை ஆளுக்கொரு பிடி முடிந்து கொண்டு போவார்கள். 1647-ல் லிஸ்பனில் பிறந்தவர், இங்கே வந்து காவி கட்டி, கறி மீன் தொடாமல், பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தார். அவரை நம் ஊர்ச் சாமியாக ஜனங்கள் எடுத்துக்கொண்டதைத் தம்பி முதலில் சொல்லட்டும்.

ஓய்வு பெற்ற வாத்தியார்:
மன்னரை வில்லனாக்கத் தேவையில்லை அம்மா. பல மனைவியர் இருந்த மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற விரும்பியபோது, ஒரு மனைவியோடுதான் வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். அப்படி விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் அழுதுகொண்டு முறையிட்டதும் மன்னர் கொதித்தார். தன் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்ததைப் பார்த்து எந்தப் பெரியவருக்கும் கோபம் வரும், அந்தப் பெண்ணின் துயரமும் உண்மையானதுதான். வகுப்பில் நான் அதையும் சேர்த்தே சொல்வேன். பத்து வயதுப் பிள்ளைக்கு, மன்னருக்கும் அருளானந்தருக்கும் பெரிய மனத்தாங்கல் என்று சொன்னால் போதும். அப்புறம் ஒன்று, அவரை வெட்டிய 1693 பிப்ரவரி 4 சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். அதற்கு முந்தின நாள் சிறையிலிருந்து மை இல்லாமல் கரியைத் தண்ணீரில் குழைத்துக் கடிதம் எழுதினார். சாவு தெரிந்த பிறகும் தன் சபைத் துறவிகளுக்கு எழுத உட்கார்ந்தாரே, அதைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். 1947-ல்தான் புனிதர் பட்டம் தந்தார்கள், இங்கே அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே கும்பிட்டு வந்தார்கள்.

பழைய மாணவன்:
நானும் இந்து, செட்டிநாட்டில் இப்படியொரு பள்ளியில் படித்தவன். திருவிழாவன்று காலையில் பூசை, அதற்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் போவார்கள், நாங்கள் பெஞ்சு நகர்த்தி இலை போடுவோம். பிறகு எல்லோரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஒரே சாப்பாடு. யார் எந்தத் தெரு என்று பார்த்து உட்கார்ந்த காலம் எங்கள் அப்பத்தாவுக்கு நன்றாகத் தெரியும், அதனால் நான் வந்து சொன்னதும் அப்பத்தா, “யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?” என்று பெயர் பெயராகக் கேட்டுச் சந்தோஷப்படுவார். அந்தச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள்.

காரைக்குடி அம்மா:
எல்லோருக்கும் நன்றி. நேற்றே கரியைக் குழைத்து ஈர்க்குச்சியால் எழுதிப் பார்த்தான், நான்கு வரிக்குள் கை முழுக்கக் கறுப்பு. பேச்சை அதிலிருந்தே தொடங்குகிறான். தேவகோட்டைத் தங்கச்சி, அங்கிருந்து ஓரியூருக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு?