விருச்சிகத்துக்கு ஏன் மூணு தேதி? தேள், ஓரியன் கதை வானத்தில் தெரியுமா?

தண்டையார்பேட்டை வாசகர்:
ஆங்கிலப் பேப்பர் ராசிபலனில் விருச்சிகம் அக்டோபர் 23 வாக்கில் ஆரம்பம். பஞ்சாங்கத்தில் கார்த்திகை 1, அதாவது நவம்பர் 16 அல்லது 17. வானியல் செயலியில் நவம்பர் 23. எதை எடுத்துக்கிறது? தேள் எழும்போது வேட்டைக்காரன் ஓரியன் மறைவான்னு கிரேக்கக் கதை சொல்லுது. திருவொற்றியூர் பக்கம் அதைப் பார்க்க முடியுமா?

ராயபுரம் மாடி:
மூணும் வெவ்வேறு அளவு, அதான் குழப்பம். மேற்கத்திய ஜோதிடம், மார்ச் 20 வாக்கில் பகலும் இரவும் சமமாகிற புள்ளியிலிருந்து 30 டிகிரி வீதம் 12 வீடா பிரிக்குது. பஞ்சாங்கமும் 30 டிகிரிதான். ஆனா பஞ்சாங்கத்தில் பரவலா இருக்கிற லாஹிரிங்கிற கணக்கு முறையில் சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் எதிர்ப்புள்ளிதான் மேஷத்தோட தொடக்கம். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சமநாள் புள்ளி சுமார் 72 வருஷத்துக்கு 1 டிகிரி நகரும். இன்னிக்கு ரெண்டு தொடக்கத்துக்கும் நடுவே இடைவெளி ஏறக்குறைய 24 டிகிரி. சூரியனுக்கு அது 24 நாள் தூரம்.

வானியலில் சம வீடே கிடையாது. 1930-ல் சர்வதேச வானியல் சங்கம் வெளியிட்ட விண்மீன் கூட்ட எல்லைப்படி சூரியன் கன்னியில் சுமார் 44 நாள், விருச்சிகத்தில் 7 நாள்தான். அடுத்த 18 நாள் ஓபியூகஸ்ங்கிற விண்மீன் கூட்டம்! இறந்தவரையே எழுப்பியதால் கிரேக்கக் கடவுள் ஸீயஸின் இடி விழுந்து மாண்ட வைத்தியன் அஸ்கிளிப்பியஸ்தான் அது. ராசி வரிசையில் அவனுக்கு இடமில்லை.

ஒண்ணு கவனிங்க: நம்ம ஊரில் "என்ன ராசி?"ன்னு கேட்டா பிறந்தப்போ சந்திரன் இருந்த இடம். பேப்பரில் வர்றது சூரியன் இருந்த இடம். ரெண்டையும் ஒப்பிடவே கூடாது.

எண்ணூர் வான்நோக்கி:
தாராளமா பார்க்கலாம். ஏப்ரல் முதல் வாரம், இரவு 11 மணி. கடற்கரை வேண்டாம், மேற்கே வீடுகள் மறைக்கும். ரெண்டு பக்கமும் திறந்த மொட்டை மாடி வேணும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினா அதோட அகலம் சுமார் 10 டிகிரி. கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே, கடலுக்கு மேல் ஒரு முஷ்டிக்கும் குறைவான உயரத்தில் சிவப்பா தேளோட கேட்டை நட்சத்திரம். மேற்கே ஏறக்குறைய அதே உயரத்தில் இன்னொரு சிவப்பு, ஓரியன் தோளில் இருக்கிற திருவாதிரை.

கதைப்படி இது நடக்கக் கூடாது. ஆனா சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கு. தெற்கு நட்சத்திரமான கேட்டை இங்கே சீக்கிரம் எழுந்துடும். ரெண்டும் சேர்ந்து நிற்கிறது ஏறத்தாழ ஒரு மணி நேரம். இன்னும் வடக்கே, கிரேக்கத்தின் ஏதென்ஸில் 20 நிமிஷம் போல, அதுவும் அடிவானத்தை ஒட்டி. கதை அந்த ஊர் வானத்துக்கு ரொம்பப் பொருத்தம்.

பலர் தவறுறது இங்கேதான்: கிழக்கே பாதி உயரத்தில் பளிச்சுன்னு ஆரஞ்சா தெரியறது சுவாதி, கேட்டை இல்லை. கடல் ஈரம் அதிகமிருந்தா அடிவானத்துப் பக்கம் ஒண்ணும் தெரியாது, வேற நாள் பாருங்க.

தண்டையார்பேட்டை வாசகர்:
நன்றி. அப்போ கிரேக்கக் கதையிலிருந்துதான் ராசி வந்ததா?

ராயபுரம் மாடி:
இல்லை. 12 சம பங்கு பாபிலோன்காரங்க கணக்கு, கிரேக்கர் அதை எடுத்துக்கிட்டுக் கதைகளைப் பொருத்தினாங்க. அவங்களுக்குத் துலாம் தேளோட முன்பக்க இடுக்கிதான் (வால் கொடுக்கு இல்லை). அங்கே இருக்கிற ஸுபெனல்கெனுபி நட்சத்திரத்தின் அரபுப் பேருக்கு இன்னிக்கும் "தெற்கு இடுக்கி"ன்னுதான் அர்த்தம்.