யூகேஜி பையனுக்கு ஸ்நாக்ஸ் டப்பாவுல என்ன வைக்கிறீங்க? பாக்கெட் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குறீங்க?

மித்ரன் அம்மா, ஈரோடு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. என் பையனுக்கு அஞ்சு வயசு, இந்த வருஷம் யூகேஜி போறான். காலைல 10.30க்கு ஸ்நாக்ஸ், 12.15க்கு சாப்பாடு, ரெண்டுமே வீட்ல இருந்துதான் கட்டிக் குடுக்கணும். நான் எட்டு மணிக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பிருவேன், அத்தை இருக்காங்க ஆனா மூட்டு வலி, அடுப்புக்கிட்ட ரொம்ப நேரம் நிக்க முடியாது, அதனால வாரத்துல மூணு நாலு நாள் ஸ்நாக்ஸ் பாக்கெட்டாத்தான் போயிட்டு இருக்கு.

போன வாரம் சூப்பர் மார்க்கெட்ல ராகி பிஸ்கட்னு ஒண்ணு வாங்கினேன். பச்சை கலர் பாக்கெட், முன்னாடி பெருசா கேழ்வரகுக் கதிர் படம், சரி பிஸ்கட்டா இருந்தாலும் நல்லதாத்தான் குடுக்கறோம்னு நிம்மதியா இருந்துச்சு. ராத்திரி டப்பாவுல போடும்போது சும்மா திருப்பிப் படிச்சா முதல்ல மைதா, அடுத்து சர்க்கரை, அப்புறம் பாமாயில், நாலாவதா ராகி மாவு, அதுவும் 9 சதவீதம். 100 கிராமுக்கு சர்க்கரை 26 கிராம். அவன் ஒரு நாளைக்கு நாலு பிஸ்கட் சாப்பிடுவான், 40 கிராம் வருது, கணக்குப் போட்டா பத்து கிராமுக்கு மேல வெறும் சர்க்கரை. தினம் ரெண்டு டீஸ்பூனுக்கு மேல சர்க்கரையை நானே கட்டிக் குடுத்து அனுப்பியிருக்கேன்னு நினைச்சப்போ அன்னைக்கு தூக்கமே வரலைங்க.

இன்னொண்ணு, சாப்பாடும் பாதி அப்படியே திரும்பி வருது. தக்காளி சாதம், லெமன் சாதம், தயிர் சாதம் எது வச்சாலும் சரி. அதே சாதத்தை சாயந்திரம் வீட்ல தட்டுல போட்டுக் குடுத்தா சாப்பிடறான். பாக்கெட்ல எதைப் பாக்கணும், எது பரவால்ல, டப்பா காலியா வர என்ன பண்றீங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ரெண்டு வாண்டு அம்மா, கோவை

மனசை விட்டுராதீங்க மித்ரன் அம்மா, திருப்பிப் படிச்சதே பாதி வேலை முடிஞ்ச மாதிரிங்க. எதை எடை அதிகமா போட்டாங்களோ அதைத்தான் முதல்ல எழுதணும், அப்படியே இறங்கு வரிசைல வரணும், அது சட்டம். அதனால முதல் மூணு பேரை மட்டும் படிச்சாப் போதும், மைதா, சர்க்கரை, பாமாயில்னு மூணும் வந்துருச்சுன்னா முன்னாடி கேழ்வரகு படம் இருந்தாலும் கம்பு படம் இருந்தாலும் அது சாதா பிஸ்கட்தான். சர்க்கரைக்கு வேற பேரும் உண்டு, குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ்னு பிரிச்சுப் பிரிச்சுப் போட்டா ஒவ்வொண்ணும் கீழ போயிரும், நமக்கு சர்க்கரை கம்மின்னு தோணும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே உடம்புக்குள்ள போனா சர்க்கரைக் கணக்குதாங்க.

அப்புறம் பாக்கெட் பின்னாடி சத்து விவரம் போட்ட கட்டம். அதுல ஒரு செர்விங்குக்கு இவ்வளவுன்னு போட்டு பக்கத்துல சதவீதம் போட்டிருப்பாங்க, அது பெரியவங்களுக்கு 2000 கலோரின்னு வச்சுப் போட்ட சதவீதம். நம்ம நாட்டுக் கணக்குப்படி 4ல இருந்து 6 வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1360 கலோரிதான் தேவை. பாக்கெட்ல 10 சதவீதம்னு இருந்தா குழந்தைக்கு அது 15 சதவீதம் ஆயிருது. நான் இதை ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை. அதனால எப்பவும் 100 கிராமுக்கு எவ்வளவுங்கற வரியை மட்டும் பாருங்க, ரெண்டு பாக்கெட்டைப் பக்கத்துல வச்சு ஒப்பிடவும் அதுதான் சுலபம்.

மேல சேர்க்கிற சர்க்கரை மொத்த கலோரில 10 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், 5க்குக் கீழ போனா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உங்க பையன் வயசுக்கு அந்த 5 சதவீதம் 17 கிராம், அதாவது நாலு டீஸ்பூன். காலைல பால்ல ஒண்ணரை போயிருச்சுன்னா மிச்சம் எவ்வளவுன்னு பாத்துக்கங்க. காரம் வாங்கினா சோடியம் பாருங்க, அதை 2.5ஆல பெருக்கினா உப்பு. 100 கிராம்ல 800 மில்லிகிராம் சோடியம்னா 2 கிராம் உப்பு.

கோவில்பட்டிக்காரி

பாக்கெட்டுன்னாலே கெட்டதுன்னு இல்ல சிஸ். எங்க ஊரு கடலை மிட்டாய் பாக்கெட்லதான் வருது, பின்னாடி படிச்சா நிலக்கடலை, வெல்லம், மிஞ்சிப் போனா ஏலக்காய், சுக்கு, அவ்வளவுதான். 2020ல புவிசார் குறியீடு கிடைச்சது அதுக்கு. வெல்லம் இருக்கு, நான் இல்லைங்கல, ஆனா நிலக்கடலைல 100 கிராமுக்கு 25 கிராம் புரோட்டீன் இருக்கு, பிஸ்கட் மாதிரி அரை மணி நேரத்துல பசி எடுக்காது. ஒரு சின்னத் துண்டு வச்சாப் போதும், சாப்பிட்டு தண்ணி குடிக்கச் சொல்லுங்க, பல்லுல ஒட்டும். ஆனா முதல்ல ஸ்கூல்ல கேட்டுக்கோங்க, சில கிளாஸ்ல கடலை அலர்ஜி உள்ள பிள்ளைங்க இருப்பாங்க, அங்க கொண்டு வரக்கூடாதுன்னு சொல்லுவாங்க. உங்க வீட்ல இன்னும் சின்னது இருந்தா முழுக் கடலையைக் கைல குடுக்காதீங்க, புரையேறினா ரொம்ப ஆபத்து.

உங்க அத்தையால நிக்க முடியாதுன்னு சொன்னீங்கல்ல, எங்க அம்மாவுக்கும் அதே கதைதான். இண்டக்‌ஷன் ஸ்டவ்வை டைனிங் டேபிள் மேல வச்சுக் குடுத்துட்டேன், உட்கார்ந்துகிட்டே கெட்டி அவலை எண்ணெய் இல்லாம சிம்ல மொறுமொறுன்னு வறுப்பாங்க, கைல நசுக்கினா பொடியணும், அதுதான் பக்குவம். தனியா ஒரு ஸ்பூன் எண்ணெய்ல கடுகு, கறிவேப்பிலை, நிலக்கடலை, பொட்டுக்கடலை, மஞ்சள்பொடி, உப்பு கொஞ்சமா போட்டு அவலைக் கொட்டிப் பிரட்டிட்டா முடிஞ்சது. ஆறினப்புறம் எவர்சில்வர் டப்பால போட்டா பத்து நாள் கெடாது, சூட்டோட மூடிட்டா நமுத்துரும். மூணு நாள் ஸ்நாக்ஸ் இதுலயே ஓடிரும்.

மருந்துக்கடை அண்ணன், திருச்சி

எல்லாரும் திங்கறதைப் பத்தியே பேசுறீங்க, குடிக்கிறதையும் பாருங்கம்மா. வெயில்ல பிள்ளை வாடிருதுன்னு ஓஆர்எஸ்னு பேர் போட்ட டெட்ரா பேக்கை ஸ்கூல் பைல வச்சு அனுப்புற அம்மாக்களை என் கடைல நிறைய பாத்திருக்கேன். அதுல பாதி சர்க்கரைத் தண்ணி, உலக சுகாதார நிறுவனம் சொன்ன உப்பு, சர்க்கரை அளவே கிடையாது. 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்த அளவுல இல்லாத எந்த பானத்துக்கும் ஓஆர்எஸ்ங்கற பேரை வைக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுருச்சு. அசல் ஓஆர்எஸ் வயித்துப்போக்கு நேரத்துல குடுக்கிற மருந்து, ஸ்நாக்ஸ் இல்ல. ஜூஸ் டப்பாவும் அப்படித்தான், கான்சன்ட்ரேட்ல, அதாவது கெட்டியாக்கின சாறுல, தண்ணி ஊத்தி நூறு சதவீதம் பழச்சாறுன்னு போட்டவங்களை 2024 ஜூன்ல அந்த வார்த்தையை எடுக்கச் சொன்னாங்க. அதே 2024 ஏப்ரல்ல, பால்ல கலக்கிற மால்ட் பவுடரை எல்லாம் ஹெல்த் டிரிங்க்னு போட்டு ஆன்லைன்ல விக்காதீங்கன்னு மத்திய அரசு சொல்லிருச்சு.

பிள்ளைக்கு தாகத்துக்குத் தண்ணி போதும்மா. பழமா குடுங்க, ஒரு மலைவாழைப்பழம் தோலோட வச்சாப் போச்சு, அதுக்கு லேபிளே வேண்டாம்.

யூகேஜி மிஸ், மதுரை

நான் பதினோரு வருஷமா இந்தச் சின்னப் பிள்ளைங்களோடதான் இருக்கேன், அதனால சாப்பாடு திரும்பி வர்றதைப் பத்தி மட்டும் சொல்றேன். நீங்க நினைக்கிற மாதிரி ருசி பிடிக்காம இல்லம்மா, முக்கால்வாசி டப்பாதான் காரணம். எங்க கிளாஸ்ல ஸ்நாக்ஸுக்கு 15 நிமிஷம், சாப்பாட்டுக்கு 25 நிமிஷம், அதுல கை கழுவ, வரிசைல நிக்கவே பத்து நிமிஷம் போயிரும். நாலு பக்கமும் கிளிப் போட்ட டப்பாவை வச்சுக்கிட்டு நகத்தால நெம்பிப் பாத்துட்டு, திறக்கலைன்னா சில பிள்ளைங்க மிஸ்னு கூப்பிடாது, கூச்சப்பட்டுக்கிட்டு டப்பாவை மடில வச்சு அப்படியே உட்கார்ந்திருக்கும். முப்பது பிள்ளைங்கள்ல அது நம்ம கண்ணுக்குப் படறதுக்குள்ள பெல் அடிச்சிரும். எனக்கு அதைப் பாக்கும்போதெல்லாம் வயித்தைப் பிசையும். ஞாயித்துக்கிழமை வீட்ல டப்பாவை மூடிக் குடுத்து அவனாத் திறக்கறானான்னு பாருங்க.

சாதம் ஸ்பூன்ல எடுத்து எடுத்து சாப்பிட நேரம் ஆகும், அந்த வயசுக்குக் கைல எடுத்து வாயில போடற மாதிரி இருந்தா வேகமா உள்ள போகும். மினி இட்லில நல்லெண்ணெயும் பொடியும் பிரட்டி வைங்க, சப்பாத்திய முட்டையோட சுருட்டி ரெண்டா வெட்டி வைங்க, தயிர்சாதம்னா சாதத்தைப் பால்ல குழைச்சு ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடுங்க, மத்தியானத்துக்குள்ள புளிக்காது. திராட்சைய முழுசா வைக்காதீங்க, நீளவாக்குல வெட்டி வைங்க. அளவும் பாருங்கம்மா, பெரியவங்க டப்பா அளவு வச்சா பாத்ததுமே பிள்ளை மலைச்சிரும்.

தஞ்சாவூர் அப்பா

ஒரு விஷயம் நான் சொல்லலாமா. எங்க பொண்ணுக்கு ஒரு வருஷம் பாக்கெட்டே கிடையாதுன்னு கண்டிப்பா இருந்தோம், கடைசில பாத்தா பக்கத்துல உட்கார்ற பிள்ளைகிட்ட சிப்ஸ் கேட்டு வாங்கித் தின்னுருக்கா, டீச்சர் சொல்லித்தான் தெரிஞ்சது. இப்ப வெள்ளிக்கிழமை அவ கேக்கறது வாங்கிக் குடுக்கறோம், சின்னப் பாக்கெட்டு, மத்த நாள் வீட்டுப் பண்டம். அழுகை நின்னுருச்சு. கலர் மட்டும் விடமாட்டேன், பஞ்சு மிட்டாய்ல ரோடமின் பிங்கற துணிச் சாயம் இருக்குன்னு 2024 பிப்ரவரில தமிழ்நாட்டுல தடை போட்டாங்களே அதுல இருந்து, செயற்கை நிறம்னு எழுதியிருந்தா எங்க வீட்டுக்குள்ள வராது. அனுமதிச்ச நிறம்தானேன்னு சொல்லுவாங்க, சரிதான், ஆனா பிள்ளைக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்லையே.

மித்ரன் அம்மா, ஈரோடு

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க, பத்து நாள் கழிச்சு எழுதறேன். மதுரை மிஸ், நீங்க சொன்ன மாதிரி ஞாயித்துக்கிழமை டப்பாவை மூடி அவன்கிட்ட குடுத்தேன். ரெண்டு கிளிப்பைத் திறந்துட்டான், மூணாவது வரவே இல்லை, கட்டைவிரல் சிவந்து போச்சு, என்னை நிமிந்து பாத்துட்டு "பரவால்லம்மா, எனக்குப் பசிக்கல"ன்னு சொன்னான். ஸ்கூல்லயும் இதைத்தான் சொல்லியிருப்பான்னு நினைச்சதும் அங்கயே அழுதுட்டேன். அன்னைக்கு சாயந்திரமே திருகு மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா ரெண்டு வாங்கிட்டேன். திங்கக்கிழமை பொடி இட்லி, டப்பா காலி. செவ்வாய் தயிர்சாதம், அதுவும் காலி.

அத்தைக்கு டேபிள்ல அடுப்பு வச்சுக் குடுத்தாச்சு, அவல் வறுத்துட்டாங்க, அடுத்து பொரிவிளங்காய் உருண்டை பிடிக்கறேன், பச்சைப்பயறு வாங்கிட்டு வான்னு லிஸ்ட் குடுத்திருக்காங்க. ராகி பிஸ்கட் மிச்சம் இருந்ததை நானும் வீட்டுக்காரரும் டீயோட முடிச்சிட்டோம். கோவில்பட்டி சிஸ், பொரிவிளங்காய் கடிக்கக் கடினமா இருக்குமே, அஞ்சு வயசுப் பல்லுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் மெதுவா வர பாகு எப்படிக் காய்ச்சணும்?